இசபெல்லா அறிந்த திராட்சை

வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடம் உதவியாளராக இருந்தவர் இசபெல்லா. குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பது, அமிலத்தைத் தண்ணீரில் கலந்து வைப்பது, செய்முறைத் தேர்வுக்கு உப்புகளைப் பொட்டலம் கட்டுவது இவைதான் வேலை. ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர். கொரோனா வந்து பள்ளி பூட்டிக் கிடந்த வருடம் நிர்வாகம் பாதிப் பேரை நிறுத்தியபோது அந்தப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அப்போது வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போய் ஆறு வருடம். வீட்டில் அப்பா சவரிமுத்து மட்டும்.

சவரிமுத்து ஒரு காலத்தில் ராஜாங்கம் என்பவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு வைத்தவர். கச்சிராயபாளையத்தைத் தாண்டி கல்வராயன் மலையடிவாரத்தில் ராஜாங்கத்துக்கு நிறைய நிலம் உண்டு. 2021 தை மாதத்தில் அதில் நாலு ஏக்கரை பெங்களூரிலிருந்து வந்த ஒரு கம்பெனி எடுத்தது. ஒயினுக்கான வெள்ளைத் திராட்சை இந்த மலைக்காற்றில் வருமா என்று நட்டுப் பார்க்கப் போகிறார்களாம். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த, நாள் தவறாமல் கணக்கெடுத்து எழுதக்கூடிய உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். ராஜாங்கம் சவரிமுத்துவின் மகளைச் சொன்னார்.

கம்பெனியின் பயிர் அதிகாரி பிரவீன்குமார். உளுந்தூர்பேட்டைக்காரர், கோயம்புத்தூரில் படித்தவர், முப்பது வயதுகூட இருக்காது. வரப்பில் நின்றபடியே இசபெல்லாவைக் கேள்வி கேட்டார்.

"டைட்ரேஷன் பண்ணத் தெரியுமாங்க?"

"பசங்களுக்கு எல்லாம் நான்தான் எடுத்து வெச்சிக் குடுப்பேன் சார். பண்ணச் சொல்ல மாட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "யாரும் இல்லாதப்ப பண்ணிப் பாத்திருக்கேன். கரெக்டா வரும்" என்றார்.

பிரவீன்குமார் சிரித்துவிட்டார். பெயரைக் கேட்டதும் இன்னொரு முறை சிரித்தார். "உங்க பேர்லயே ஒரு திராட்சை இருக்கு, தெரியுமா? கறுப்பு. ஒயினுக்கு ஆவாதுன்னு வெளிநாட்டுல ஒதுக்கி வெச்சிட்டாங்க."

"அதுவும் அப்படித்தானா சார்" என்றார் இசபெல்லா. விளையாட்டாகத்தான் சொன்னார்.

ஐந்து வகை நட்டார்கள். முதலில் வேருக்கான காட்டுக் கொடியை நட்டு, அது பிடித்த பிறகு மேலே ஒயின் வகைகளை ஒட்டுக் கட்டினார்கள். பந்தல் போடவில்லை. வரிசை வரிசையாகக் கல்தூண் ஊன்றி, மூன்று கம்பி இழுத்து, கொடியை அதில் வேலி மாதிரி படர விட்டார்கள். கொடி வேலைக்கு என்று வந்த பச்சமுத்துவுக்கு இது பிடிக்கவே இல்லை. ஐம்பது வயதுக்காரர், நாலு ஊரில் தோட்ட வேலை பார்த்தவர். "திராட்சைய தலைக்கு மேல தொங்க வுடணும் டீச்சரம்மா. இது இன்னா, மாட்டுக்குத் தடுப்பு கட்டுன மாதிரி" என்பார்.

இரண்டாவது மழைக்காலத்தில் மூன்று வகைகள் இலை பழுத்துக் கருகின. நாலாவது காய்ப்பதற்கே மனசு வைக்கவில்லை. நின்றது ஒன்றுதான். ஷெனின் பிளாங்க். பிரான்ஸில் ஒரு ஆற்றங்கரையில் பிறந்த வகை என்று பிரவீன்குமார் சொன்னார். குளிரிலும் காய்க்கும், ஆப்பிரிக்க வெயிலிலும் காய்க்கும், நாசிக்கிலும் காய்க்கும். பச்சமுத்து அதை "செனின்" என்றே கூப்பிட்டார். கொஞ்ச நாளில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இசபெல்லாவின் வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். குறித்த இருபது கொடிகள். எந்தக் கொடியில் எத்தனை மொட்டு விழித்தது, துளிர் எத்தனை விரல் நீளம், எத்தனை பூங்கொத்து, மழை எவ்வளவு, காலைப் பனி இலையில் எத்தனை மணி வரை நின்றது, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். முதல் வருடம் அவர் எழுதியது எண்கள் மட்டும். அடுத்த வருடத்திலிருந்து எண்களுக்குப் பக்கத்தில் அவராகவே சில வரிகள் எழுத ஆரம்பித்தார். இலையின் அடிப்புறத்தில் பூனை முடி மாதிரி மென்மையாக இருக்கிறது. மற்ற வகைகளுக்கு முன்னாலேயே விழித்துக்கொள்கிறது, பழுப்பதற்கு மட்டும் நிறைய நாள் எடுத்துக்கொள்கிறது. கொத்து நெருக்கமாக இருப்பதால் நடுவில் ஒரு பழம் வெடித்தால் பக்கத்துப் பழங்களும் அழுகுகின்றன, தினமும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். தோல் மெல்லிசு. அடிச்சாம்பல் நோய் பட்டால் மூன்றே நாளில் இலை முழுக்கப் பரவுகிறது. இப்படி.

அந்தக் கொடியைப் பற்றித் தெரிந்துகொள்வதில் அவருக்கு ஏற்பட்ட ஈடுபாட்டை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் செய்யப்போகும் சோதனைக்குப் பாத்திரம் கழுவியவர். இப்போது சோதனை அவர் கையில் இருந்தது.

2023 பங்குனியில் முதல் காய்ப்பு. பிரவீன்குமார் ஒரு சின்னக் குழாயைக் கொடுத்தார். பழத்தைப் பிழிந்து ஒரு சொட்டு அதன் கண்ணாடியில் விட்டு, வெயில் பக்கம் திருப்பிக் கண்ணில் வைத்துப் பார்த்தால் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். பச்சமுத்து அதற்கு வைத்த பெயர் பைனாகுலர்.

"பதினெட்டுல பறிச்சா நுரை வர்ற ஒயினுக்கு ஆவும்" என்றார் பிரவீன்குமார். "இருபத்திரெண்டுல பறிச்சா இனிப்பில்லாத ஒயின். இருபத்தஞ்சுக்கு மேல கொடியிலேயே வுட்டா தேன் மாதிரி ஒயின். பிராந்திக்கும் இதையேதான் காய்ச்சறாங்க. ஒரே கொடி அக்கா. நாம எந்த நாள்ல பறிக்கிறோமோ அதுக்கேத்தபடி மாறிக்கும். வெயில் எவ்வளவு அடிச்சாலும் புளிப்ப மட்டும் வுடாது. அந்தப் புளிப்புதான் இதோட உசுரு."

மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் எப்போது அக்காவுக்கு மாறினார் என்பது இருவருக்குமே நினைவில்லை.

இசபெல்லா தினமும் ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்து எழுதினார். பதினாறில் அரிநெல்லிக்காய். பத்தொன்பதில் செங்காயாக இருக்கும் கொய்யா. இருபத்திரெண்டில் பழுத்த கொய்யா, கூடவே கொஞ்சம் எலுமிச்சைத் தோல். இருபத்தைந்தில் தேன், ஆனால் விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் அதே அரிநெல்லி. பச்சமுத்து ஒரு பழத்தை மென்றுவிட்டு, பைனாகுலரைப் பார்க்காமலே "இருபது சொச்சம்" என்பார். பார்த்தால் இருபது புள்ளி நாலு இருக்கும். பத்துக்கு எட்டு தடவை சரியாகச் சொன்னார். தோற்கிற இரண்டு தடவையும் பைனாகுலர்தான் கெட்டுவிட்டது என்பார்.

அப்பாவிடம் இசபெல்லா "திராட்சை" என்று மட்டுமே சொல்லி வைத்திருந்தார். சவரிமுத்து நாற்பது வயது வரை நன்றாகக் குடித்தவர். ஒரு தியானக் கூட்டத்தில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்து நிறுத்தினார். இருபத்து மூன்று வருடமாகத் தொடவில்லை. யார் சொன்னார்களோ, ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"அது சாராயத்துக்குப் போற பழமாமே?"

"சாராயம் இல்லப்பா. ஒயினு."

"பூசையில சாமியாரு வெச்சிருப்பாரே, அதுவா?"

"அந்த மாதிரிதான்."

அன்றைக்கு மகள் கொண்டுவந்து வைத்த கொத்து மூன்று நாள் தட்டிலேயே இருந்து ஈ மொய்த்தது.

2024 காய்ப்புதான் உண்மையான காய்ப்பு. தீபாவளி மழை விட்ட பிறகு கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ததால் பூக்கும் சமயத்தில் வானம் வெளுத்திருந்தது. மார்ச் மாதம் மூன்று தடவையாக, பதினெட்டில், இருபத்திரெண்டில், இருபத்தைந்தில் என்று பறித்துப் பெட்டி பெட்டியாகக் குளிர்வண்டியில் ஏற்றினார்கள். மே கடைசியில் பிரவீன்குமார் பெங்களூரிலிருந்து வந்தபோது கையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. லேபிள் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பேனாவால் வரிசை எண்ணும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தார்கள். இசபெல்லா குறிப்பெடுத்த வரிசை அது.

"நம்ம தோட்டத்து ஒயின் அக்கா. ஆபீஸ்ல பெரிய ஆளுங்க எல்லாம் குடிச்சிப் பாத்துட்டு வாய மூடிக்கினு உக்காந்துட்டாங்க. இப்படி வரும்னு யாரும் நினைக்கல. குளிர வெச்சிக் குடிங்க. சூடா குடிச்சா அது இன்னான்னே தெரியாது."

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது. ஆனால் ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் "இத உள்ள வைங்க" என்று எப்படிச் சொல்வது? நாளைக்கே கோயில் வாசலில் பேச்சாகிவிடும். ஐஸ் வாங்கி வந்து ஒரு குண்டானில் வைத்துக் குளிர வைக்கலாம், அப்பா வெளியூர் போகிற நாளில் செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். பாட்டிலைப் பழைய துணியில் சுற்றி, தன் டிரங்குப் பெட்டியில் வைத்தார். அப்பா வெளியூர் போகிற ஆளே இல்லை.

ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்தது உலகத்துக்கே தெரியும். விஷச் சாராயம் குடித்து ஒரே வாரத்தில் அறுபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஒரே தெருவில் வரிசையாகச் சாமியானா போட்டிருந்தார்கள். அந்த வாரம் பச்சமுத்து கள்ளக்குறிச்சியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். தினமும் குடிக்கிற மனுஷன் இல்லை. அன்றைக்கு மச்சான் ஒரு சாராயப் பாக்கெட் கொடுத்திருக்கிறார். மச்சான் மறுநாள் செத்தார். பச்சமுத்துவை வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டு நாள் கழித்து உயிரோடு வந்தார். கண் இரண்டும் போய்விட்டது.

இசபெல்லா போய்ப் பார்த்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி இருந்தார். குரல் கேட்டதும் முகத்தைத் திருப்பினார். திருப்பிய இடம் கொஞ்சம் தள்ளி இருந்தது.

"டீச்சரம்மா, மருந்து அடிச்சீங்களா? மழ வர்ற மாதிரி புழுங்குது."

"அடிச்சாச்சிண்ணே."

"அடியில அடிக்கச் சொல்லுங்க. அவனுங்க மேலாக்கத்தான் அடிப்பானுங்க. எல அடியில படணும்."

அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

போலீஸ் ஊர் ஊராகச் சோதனை போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. மலை மேலே சாராய ஊறல் பானைகளைத் தேடி உடைத்தார்கள், கீழே வீடுகளிலும் கொல்லைகளிலும் தேடினார்கள். ஒரு சாயங்காலம் இசபெல்லா தோட்டத்திலிருந்து வந்தபோது சவரிமுத்து குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தச் சின்ன பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். போலீஸ் அடுத்த தெரு வரை வந்துவிட்டதாக யாரோ சொன்னதும் வீட்டில் இருக்கும் பெட்டி எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்திருக்கிறார்.

"இது எப்ப இருந்து வூட்ல இருக்குது?"

"மே மாசத்துல இருந்துப்பா."

"குடிச்சியா?"

"தெறக்கவே இல்ல."

"ஊரே செத்துக்கினு இருக்குது. நீ பொட்டியில பாட்டில வெச்சிக்கினு இருக்கிற."

அவர் குரலில் கோபம் இருந்ததைவிட பயம்தான் அதிகமாக இருந்தது. இசபெல்லா "எங்க ஊத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். சவரிமுத்து கொல்லைப்புறத்து வாய்க்காலைக் காட்டினார். இசபெல்லா அங்கே போய்க் குனிந்து பார்த்தார். வெயிலில் மண் அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. முகர்ந்தார். சோப்புத் தண்ணீர் வாடைதான் வந்தது. திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார்.

"ஊத்தும்போது இன்னா வாசனைப்பா வந்துச்சு?"

சவரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். மகள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு எல்லாம் ஒரே வாசனைதான் பாப்பா."



ஆகஸ்டில் பிரவீன்குமார் போன் செய்தார். நேரில் வந்து சொல்ல அவருக்கு மனசு வரவில்லையாம்.

"கம்பெனி இத்தோட நிறுத்திக்குது அக்கா."

"காய்ப்பு நல்லாத்தானே சார் வந்துச்சு? நீங்களே சொன்னீங்களே."

"கொடி மேல ஒரு குத்தமும் இல்ல. பாட்டில்ல ஊர்ப் பேரு போடணும். கல்வராயன் மலைனு போட்டு விக்கணும்னுதான் இருந்தாங்க. கூகுள்ல அந்தப் பேர அடிச்சா இப்ப இன்னா வருதுன்னு நீங்களே பாருங்க. அதுல கொண்டுபோய் எப்படி ஒயினு விக்கறது?"

இசபெல்லா அடித்துப் பார்த்தார். சாமியானாவும் பிணங்களும் அழுகிற பெண்களுமாக வந்துகொண்டே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

நிலத்தின் ஒப்பந்தம் அடுத்த சித்திரை வரைக்கும் இருந்தது. அதுவரை யார் என்ன செய்தாலும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ராஜாங்கம் சொல்லிவிட்டார். வேலை நின்று போயிருந்தும் இசபெல்லா தினமும் போனார். நாலு ஏக்கரையும் ஒரு ஆள் பார்க்க முடியாது. மேட்டுப் பக்கமாக இருந்த ஆறு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்ற வரிசைகளில் துளிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கம்பிக்கு வெளியே சரிந்து, தரையில் படர்ந்தன. அவற்றைத் தாண்டித்தான் தன் வரிசைக்குப் போக வேண்டும். பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார்.

தீபாவளி முடிந்ததும் ஆறு வரிசைக்கும் தானே கவாத்து செய்தார். கத்தரிக்கோல் பிடித்து இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்தன. மூன்று வாரத்தில் துளிர் முழ நீளம் வந்து, சின்னச் சின்னப் பூங்கொத்துகள் தலைகாட்டின. நவம்பர் கடைசியில் புயல் வந்தது. மூன்று நாள் விடாத மழை. ஆற்றுப் பாலங்களில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுபோனது. நாலாம் நாள் முழங்கால் சேற்றில் நடந்து அவர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இலைகளில் எண்ணெய் தெறித்த மாதிரி மஞ்சள் வட்டங்கள். திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு, இலையின் அடியில் படும்படி, ஒவ்வொரு கொடியாக அடித்தார். மறுநாளும் தூறியது. மறுபடி அடித்தார்.

நாலு வரிசை போய்விட்டது. இரண்டு வரிசை பிழைத்தது. அந்த இரண்டு வரிசையும் பங்குனியில் எழுபது கிலோ கொடுத்தன. சாறு இருபத்திரெண்டு. வாயில் போட்டால் பழுத்த கொய்யாவும் எலுமிச்சைத் தோலும், போன வருடத்தைவிட ஒரு படி மேலாகவே. நோட்டில் அப்படித்தான் எழுதினார்.

இனி அதை என்ன செய்வது?

ஷேர் ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றிக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார். பழக்கடைக்காரம்மா ஒரு பழத்தைக் கடித்துவிட்டு விதையை உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். "இன்னாம்மா இது, இத்தினியூண்டு பழத்துல மூணு கொட்ட? கொட்ட இல்லாத பச்ச திராட்சையையே ஜனங்க பேரம் பேசறாங்க. புளிப்பு வேற." இசபெல்லா அந்தப் புளிப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். ஜூஸ் கடையில் ஒரு கிலோவை அரைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சாறு பழுப்பு நிறமானது. வடக்கனந்தல் பக்கத்துப் பங்குச் சாமியாரிடம் போனார். பூசைக்கான ஒயின் பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்திலிருந்துதான் வரும், யார் வேண்டுமானாலும் செய்துகொடுத்துவிட முடியாது, அனுமதி உண்டு, விதி உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். "அதுவும் இந்த வருசம், நம்ம ஊர்ல..." என்று இழுத்துவிட்டு, ஒரு கொத்தை வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டார். மிச்சத்தை வீட்டுக் கூரைமேல் துணி விரித்துக் காயப் போட்டார் இசபெல்லா. உலர்ந்த பிறகு விதைமேல் தோல் ஒட்டிக்கொண்டு கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. நுரைக்கும் இனிப்புக்கும் பிராந்திக்கும் ஆகிற பழம். இங்கே அதை வைத்துச் செய்ய எதுவுமே இல்லை.

ஒரு கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு பச்சமுத்து வீட்டுக்குப் போனார். அவர் கையில் கொடுத்தார். பச்சமுத்து கொத்தைத் தடவிப் பார்த்தார்.

"நெருக்கமாத்தான் இருக்குது. அழுவல் இல்லியே?"

"இல்லண்ணே. வாயில போட்டுப் பாருங்க."

ஒன்றை மென்றார். இன்னொன்றை மென்றார். இசபெல்லா காத்திருந்தார்.

"ஒண்ணும் புடிபடல டீச்சரம்மா" என்றார். "ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து வாயில எதப் போட்டாலும் இரும்பு நக்குன மாதிரியே இருக்குது. இனிப்பு இருக்குதுன்னு மட்டும் தெரியுது. எவ்வளவு காட்டுது?"

"இருபத்திரெண்டு."

"ஆங். அப்ப நல்லாத்தான் வந்திருக்குது." கொத்தை மடியில் வைத்துக்கொண்டார். "யாரு வாங்கறாங்க? கம்பெனிக்காரன்தானே?"

இசபெல்லா நிமிர்ந்து பார்த்தார். வாசலில் பச்சமுத்துவின் மனைவி நின்றுகொண்டிருந்தார். கம்பெனி போய்விட்டது அந்த அம்மாவுக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்று அவர் தலையை மெதுவாக அசைத்தார்.

"ஆமாண்ணே" என்றார் இசபெல்லா. "கம்பெனியேதான் வாங்கிக்கினு போறாங்க."

"எவ்வளவு பொட்டி?"

"போன வருசம் மாதிரியேதான்."

பச்சமுத்து திருப்தியாகத் தலையாட்டினார். இசபெல்லா எழுந்து வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

சித்திரை பிறந்த இரண்டாவது வாரம் ராஜாங்கம் ஜே.சி.பி.யைக் கொண்டுவந்தார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரவள்ளி போட நிலத்தைத் தயார் செய்தாக வேண்டும். முன்கூட்டியே சொல்லியும் விட்டிருந்தார். கல்தூண்களைத் தனியாகப் பிடுங்கி அடுக்கினார்கள். கம்பிகளைச் சுருட்டினார்கள். பிறகு இரும்புக் கை வரிசையின் ஒரு முனையில் இறங்கி மறுமுனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. நாலு வருட வேர். ஒரு வரிசைக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மேட்டுப் பக்கம் வந்தபோது ராஜாங்கம் டிரைவரிடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"யம்மா இசபெல்லா. உனக்கு வேணும்னா ஒண்ணு ரெண்டு கொடிய வேரோட எடுத்துக்கினு போ. வூட்டாண்ட நட்டுக்கோ. இவ்ளோ நாளு பாத்தியே."

டிரைவர் வண்டியை அணைக்காமல் காத்திருந்தார். இசபெல்லா கடைசி வரிசையைப் பார்த்தார். ஆறாவது கொடியில் கவாத்து வெட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மொட்டு வீங்கியிருந்தது. அந்தக் கொடியில் எந்த மொட்டு எப்போது விழிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"வேணாங்க ஐயா."

"ஏம்மா? சும்மா ஆசைக்கு ஒண்ணு இருந்துட்டுப் போவட்டுமே."

"ஒத்தக் கொடின்னாலும் வருசத்துக்கு ரெண்டு கவாத்து. மழைல நாளு தப்பாம மருந்து. ஒரு வாரம் நான் கவனிக்கலைன்னா அது இருக்காதுங்க ஐயா. நல்லா வளந்து காய்ச்சாலும் யாரும் தின்ன மாட்டாங்க. நானே அதக் கொண்டுபோயி சாவடிக்க வேணாம்."

ராஜாங்கம் டிரைவருக்குக் கையசைத்தார்.

ஒன்பது நோட்டுப் புத்தகங்களையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி பிரவீன்குமாரின் விலாசத்துக்கு கூரியரில் அனுப்பினார் இசபெல்லா. அவர் அப்போது வேறு கம்பெனிக்கு மாறி நாசிக்கில் இருந்தார். ஒரு மாதம் கழித்து இசபெல்லாவே போன் செய்தார். நோட்டு வந்துவிட்டது, பத்திரமாக இருக்கிறது, ஆனால் இந்தச் சோதனைக்கு அறிக்கை எழுத வேண்டாம் என்று பழைய கம்பெனியில் சொல்லிவிட்டார்கள் என்றார் அவர். "நீங்க ருசி எழுதுனதெல்லாம் படிச்சேன் அக்கா" என்றார். "இங்க லேப்ல இருக்கிறவங்களுக்கு எழுத வராது அப்படி." பேச்சு அதோடு முடிந்தது. வேறு ஏதாவது சொல்லுவார் என்று இசபெல்லா கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

இப்போது அவர் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். லாரியில் வருகிற மரவள்ளிக் கிழங்கில் கொஞ்சம் எடுத்து, தண்ணீரில் நிறுத்துப் பார்த்து, மாவுச்சத்து எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். ஒரு லாரிக்கு ஒரு எண். பக்கத்தில் எதையும் எழுத இடமில்லை, அவருக்கும் எழுதத் தோன்றுவதில்லை. ராஜாங்கத்தின் நாலு ஏக்கரிலிருந்தும் முதல் லோடு வந்திருந்தது. நல்ல கிழங்கு, இருபத்தெட்டு காட்டியது. சீட்டில் எழுதிக் கிழித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த லாரிக்காகக் கையைக் கழுவப் போனார்.